அரிசித் தண்ணி குடித்த வேன்

முதலில் சத்தம்தான் வந்தது. அரியலூரிலிருந்து பெரம்பலூர் வருகிற ரோட்டில் சிமெண்டு லாரிகள் ஓடி ஓடி, தார் அங்கங்கே மடிப்பு விழுந்து கிடக்கும். அந்த மடிப்பில் எங்கள் வேன் ஏறி இறங்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிற சீட்டுக்கு அடியில் ஒரு சத்தம். தூக்கத்தில் யாரோ பல்லை நறநறவென்று கடிக்கிற மாதிரி. பாத்திரம் உருளுதோ என்று திரும்பிப் பார்த்தேன். பாத்திரமெல்லாம் கட்டின இடத்தில் கட்டினபடி இருந்தது.

"என்னங்க, உங்க பக்கம் ஏதோ சத்தம் கேக்குதே?"

"வயசான வண்டி, முனகும். நீ முனகல?"

"நான் எப்ப முனகுனேன்?"

"காலைல எந்திரிக்கும்போது காது குடுத்துக் கேளு, தெரியும்."

எதைச் சொன்னாலும் சிரிப்பாக்கி விடுகிற ஆள். நான் பேச்சை விட்டுவிட்டு என் பக்கத்துக் கதவின் கீழே பார்த்தேன். அங்கே தரைத் தகடும் பக்கத் தகடும் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து சேருகிற ஓரம் ஒன்று உண்டு. அந்த ஓரம் முழுக்க பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. வண்டி அடுத்த மேட்டில் ஏறியது. அந்த ஓரம் வாயைத் திறந்தது. இறங்கியபோது மூடிக்கொண்டது. மயிரிழை அளவுதான். ஆனால் அந்த இழை வழியாகக் கீழே ரோடு ஓடுவதை நான் கண்ணால் பார்த்தேன்.

அப்போது எனக்குள் விழுந்த பயம் இன்னும் முழுசாக எழுந்து போகவில்லை.

அந்த வேன் எங்களுக்கு வண்டி மட்டுமில்லை. முன்னே ஏதோ கண் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஊர் ஊராகப் போய் முகாம் போடுவதற்கு வைத்திருந்தது. உள்ளே ஆள் படுக்கிற மாதிரி ஒரு கட்டில், சுவரில் அலமாரி, கை கழுவ ஒரு தொட்டி, வெயில் இறங்காமல் இருக்கத் தகட்டுக்கும் பலகைக்கும் நடுவில் தெர்மோகோல். கை மாறிக் கை மாறி எங்களிடம் வந்தது. நான் ஒரு அடுப்பு வைத்தேன், அம்மன் படம் மாட்டினேன், அவ்வளவுதான், அது வீடாகிவிட்டது. சொந்தக்காரர்கள் கேலியாக 'வண்டி வூடு' என்பார்கள். சொல்லட்டும். அவர்களில் யார் வீட்டு வாசலுக்காவது நான் போய் நின்றேனா?

எங்கள் பிழைப்பு சாமி கிழமையோடு போகும். சிறுவாச்சூர் அம்மன் திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பாள். சனிக்கிழமை கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு. பெருமாள் கோயிலில் துளசி, கற்பூரம், சூடத்தட்டு. சிறுவாச்சூரில் என் சரக்கு மாவிளக்குச் சாமான். மாவிளக்குப் போடுகிறவர்கள் ஊறின பச்சரிசியை அங்கேயே உரலில் போட்டு இடித்து மாவாக்குவார்கள். சென்னையிலிருந்தும் சேலத்திலிருந்தும் கார் போட்டு வருகிறவர்களுக்கு அரிசி ஊற வைக்க ஏது நேரம்? அவர்களுக்கு நான் அரிசி, வெல்லம், நெய், திரி எல்லாம் சேர்த்துக் கொடுப்பேன்.

அரிசியில்தான் என் பெருமையெல்லாம். ஈரம் கூடினால் மாவு சேறாகும், குறைந்தால் உரலில் பறக்கும். கையில் பிடித்தால் பிடிபடணும், விட்டால் உதிரணும். அதற்கு நான் கண்டுபிடித்த வழி, விடியலில் ஊறின அரிசியைக் கூடையில் அள்ளி வேனுக்குள்ளேயே வைத்து விடுவது. வண்டி ஓடுகிற ஆட்டத்தில் தண்ணி தானாக வடியும், ஜன்னல் காற்றில் உலரும். கோயில் வாசலில் இறக்கும்போது பதம் சரியாக வந்திருக்கும். வடிந்த தண்ணியை நான் துடைப்பேன். கண்ணுக்குத் தெரிந்ததைத் துடைப்பேன். ரப்பர் விரிப்புக்குக் கீழே போனதை யார் பார்த்தார்கள்?

இதில் எறும்பு வேறு. வெல்லம் இருக்கிற இடத்தில் எறும்பு வராமல் இருக்குமா? வேனின் அடியில், கதவுக்குக் கீழே ஓடுகிற நீளப் பெட்டி மாதிரியான சட்டத்தில், வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. அதன் வழியாகத்தான் எறும்பு சாரை ஏறியது. என் வீட்டுக்காரர் ஒரு சட்டியில் சிமெண்டு குழைத்து எல்லா ஓட்டையையும் அடைத்தார்.

"துணிய வெச்சு அடைச்சா போதாதா?" என்றேன்.

"சிமெண்டு ஊரு அரியலூர்ல பொறந்துட்டு ஓட்டையத் துணியால அடைச்சேன்னு சொன்னா ஊரு சிரிக்காது?"

எறும்பு நின்றது. எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம். தண்ணி வெளியே போவதற்காகத்தான் வண்டி செய்தவன் அந்த ஓட்டைகளை விட்டிருக்கிறான் என்பது எங்களுக்குத் தெரியாது. வருசக்கணக்காக அரிசித் தண்ணி உள்ளே இறங்கியது, வெளியேற வழியில்லாமல் அந்தப் பெட்டிக்குள்ளேயே நின்றது.

சத்தம் கேட்ட பிறகு நான் மகளிடம் சொல்லவில்லை. மகள் அரியலூரில் இருக்கிறாள். போன் பண்ணும்போதெல்லாம் அதே பாட்டுதான்.

"அம்மா, மாடி ரூம் சும்மாதான் கெடக்கு. அந்த தகர டப்பாவ வித்துட்டு ரெண்டு பேரும் வந்துடுங்களேன்."

"தகர டப்பாவா? அதுலதான்டி உன் பிரசவத்துக்கு லேகியம் கிண்டி எடுத்துட்டு வந்தேன்."

"சரி, தங்க டப்பா. வாங்க."

மருமகன் நல்லவர்தான். ஆனால் அடுத்தவர் அடுப்பில் என் உலையை வைக்க எனக்கு மனசு வராது. சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் மறுநாளே வந்து வண்டிச் சாவியைப் பிடுங்கி விடுவாள். அதனால் வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடினால் பயம் மூடுமா? வண்டி ஓடும்போதெல்லாம் என் கண் அவர் சீட்டின் காலடியிலேயே இருக்கும். ரோட்டில் வேப்பமரம் போனது, சோளக்காடு போனது, எதையும் நான் பார்க்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் சிறுவாச்சூரிலிருந்து பெரம்பலூர் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தோம். பெரிய ரோடு. முன்னால் போன பஸ் சட்டென்று ஓரம் கட்டியது. இவர் பிரேக்கை மிதித்தார். மிதித்த வேகத்தில் அவருடைய சீட்டே முன்பக்கம் சாய்ந்தது. ஆள் சாயவில்லை, சீட்டு சாய்ந்தது. அவர் நெஞ்சு ஸ்டீரிங்கில் போய் இடித்தது. தரையிலிருந்து அழுக்குத் தண்ணி பீச்சி அவர் வேட்டியெல்லாம் தெறித்தது. எப்படியோ வண்டி பஸ்ஸுக்கு ஒரு முழத்தில் நின்றது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே எங்களை உரசினாற்போல் போனது.

"கால் வழுக்கிடுச்சு" என்றார்.

பெரம்பலூர் நாலு ரோடு வந்ததும்தான் எனக்குப் பேச்சு வந்தது.

"டிங்கர் பட்டறைக்கு விடுங்க."

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

"வெள்ளிக்கிழமைக்கு நீங்க தனியா ஓட்டிட்டுப் போங்க. நான் பஸ்ல வரேன்."

கல்யாணமான நாளிலிருந்து நான் பக்கத்தில் இல்லாமல் அவர் எந்த வண்டியும் ஓட்டியதில்லை. மாட்டு வண்டி காலத்திலிருந்து அப்படித்தான். வண்டியைத் திருப்பினார்.

பட்டறைக்காரன் வாயாடி. ஐம்பது வயசிருக்கும். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, "வா ஆயா, என்ன வண்டி வெத்தலை பாக்கு கேக்குதா?" என்றான்.

"யாருக்கு யாரு ஆயா? உன் மண்டையும் பஞ்சாட்டம்தான் இருக்கு."

"சரிங்கம்மா. கோச்சுக்காதீங்க. எறங்குங்க."

சின்னச் சுத்தியலால் வண்டியின் ஓரத்தைத் தட்டிக்கொண்டே போனான். டங், டங் என்று கேட்டது. என் பக்கத்துக் கதவுக்குக் கீழே வந்ததும் 'தொப்' என்றது. தட்டுவதை நிறுத்திவிட்டு ஸ்குரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினான். வெந்த கிழங்கில் இறங்குகிற மாதிரி அது பிடி வரைக்கும் இறங்கியது. எனக்கு என் விலாவில் இறங்கினது போல இருந்தது.

ரப்பர் விரிப்பை உரித்தான். குப்பென்று புளித்த வாடை. மூன்று நாள் பழைய மாவை மூடி திறந்தால் வருமே, அந்த வாடை. தரை கருப்பாக, பொறுக்குப் பொறுக்காகக் கிளம்பி வந்தது.

"ஏம்மா, உள்ள இட்லிக் கடையா போட்டீங்க?"

"அரிசித் தண்ணி" என்றேன். வேறு நேரமாக இருந்தால் நானும் பதிலுக்கு நாலு பேச்சுப் பேசியிருப்பேன்.

அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான். பேச்சு மாறிவிட்டது. "இங்க பாருங்க. இது ரெண்டு தகடு மடிச்சு ஒட்டுன ஓரம். வெளிய தெரியற துரு பொட்டு மாதிரி. உள்மடிப்புல எவ்ளோ தூரம் தின்னிருக்குன்னு வெட்டுனாத்தான் தெரியும். உள்தகடு நின்னா வண்டி பொழைக்கும். அதுவும் போயிருந்தா நான் கை வெக்க மாட்டேன். பழைய இரும்புக்காரன்கிட்ட விட்டுடுங்க. சீட்டு மொத்தமும் அந்த உள்தகட்டு மேலதான் நிக்குது. ஓடும்போது விட்டுச்சுன்னா பெரியவரு ஸ்டீரிங்கோட போயிடுவாரு."

இதை அவன் மழை வருமா வராதா என்று சொல்கிற மாதிரிச் சொன்னான். நான் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். உள்தகடு போயிருந்தால் வண்டி போச்சு, மகள் வீட்டு மாடிதான். அந்த மாடியில் இந்த மனுசன் என்ன செய்வார்? ஸ்டீரிங் இல்லாத கையை எங்கே வைப்பார்? உள்தகடு போகவில்லை என்று அவன் தப்பாகச் சொல்லிவிட்டால்? அது இதைவிடப் பெரிய பயம்.

என் வீட்டுக்காரர் மட்டும் அசரவில்லை. "அவ பக்கத்தைப் பாரு. என் பக்கம் நல்லாத்தான் இருக்கு. அதைக் கிண்டாத" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். சீட்டு சாய்ந்தது அவர் பக்கம், நல்லாயிருக்கிறது என்கிறதும் அவர் பக்கம். எனக்கு அப்போதே உறைத்திருக்கணும்.

அன்றைக்கு ராத்திரி பட்டறைக்குள்ளேயே வேனில் படுத்தோம். செவ்வாய்க்கிழமை மழை விட்டிருந்தது. அடுப்பு, சிலிண்டர், மெத்தை, கூடை, அம்மன் படம் எல்லாவற்றையும் இறக்கி ஒரு தார்ப்பாயில் வைத்தோம். வீட்டுக்குள் இருப்பது இவ்வளவுதானா என்று இருந்தது.

என் பக்கத்தை முதலில் வெட்டினான். கட்டிங் மெஷின் தகட்டில் பட்டதும் எழுந்த சத்தத்தில் எனக்குக் காது அடைத்தது. நீளமாக ஒரு துண்டு கழன்று விழுந்தது. அதோடு தண்ணியும் கொட்டியது. காப்பி நிறத்தில், கட்டி கட்டியாக, அடிப்பக்கம் பூராவும் வழிந்தது. கடைசியில் ஓட்டை அடைத்த சிமெண்டு உருண்டைகள் கோலிக்குண்டு மாதிரி உருண்டு வந்தன.

"இதை யாரு வெச்சது?"

"எறும்பு வந்துச்சு" என்றார் வீட்டுக்காரர்.

"எறும்பு வெளிய, கடல் உள்ள. நல்ல கணக்கு."

உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். உள்ளே பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. "மேல்தோலுதான் போயிருக்கு. உள்தகடு நிக்குது" என்றான். நான் தார்ப்பாயிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

துருவைச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் தகடு தெரிகிற வரைக்கும் எடுத்தான். புதுத் தகடு வைத்து வெல்டிங் பிடித்தான். நெருப்பு கதவுக்குக் கீழே எரிகிறது, அதைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு மட்டும் மூக்கில் ஒரு நெடி. திரும்பிப் பார்த்தால் வண்டியின் பின்பக்கம், நாங்கள் தலை வைத்துப் படுக்கிற இடத்தில், சுவர்ப் பலகையின் இடுக்கிலிருந்து கரும்புகை வந்துகொண்டிருந்தது. நெருப்பு ஓரிடம், புகை ஓரிடம்.

"அங்க! அங்க எரியுது!"

அவன் மெஷினைப் போட்டுவிட்டு ஓடினான். பலகையைப் பிடுங்கினான். உள்ளே தெர்மோகோல் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரச் சாக்கை எடுத்து அமுக்கினான், இன்னொரு சாக்கை நான் போட்டேன். புகை கண்ணை எரித்தது. நின்றது.

"உள்ள பூரா ஒரே கொழா மாதிரி ஓடுதும்மா. பொறி உள்ளயே போயிருக்கு" என்றான். அதற்கப்புறம் தெர்மோகோல் எல்லாவற்றையும் பிய்த்து எடுத்துவிட்டுத்தான் மறுபடி நெருப்பைத் தொட்டான்.

எனக்கோ ஒன்று புரிந்தது. துருவும் அப்படித்தானே போயிருக்கும், நாம் பார்க்கிற இடத்தில் இல்லாமல்? அவருடைய பக்கத்தை இன்னும் திறக்கவே இல்லை.

புதன்கிழமை அவர் பக்கம். காலையிலிருந்தே அவருக்கு வேலை இருந்துகொண்டே இருந்தது. டீ வாங்கப் போனார், துண்டு வாங்கப் போனார், "வானம் கறுக்குது, நாளைக்குப் பாக்கலாமே" என்றார். பட்டறைக்காரன் சீட்டின் போல்ட்டைக் கழற்றி சீட்டைத் தூக்கினான். தூக்கினவன் அப்படியே நின்றான்.

"ஆயா... அம்மா. இங்க வாங்க."

சீட்டுக்கு அடியில் ஒரு புளியங்கட்டை. தகட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஆப்பு மாதிரி செருகி, கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. கட்டை நழுவாமல் இருக்கத் துணி சுற்றியிருந்தது. அந்தத் துணியை எனக்குத் தெரியும். அரக்குக் கரை. என் பழைய புடவை. கரித்துணிக்கு என்று கிழித்து வைத்ததில் ஒரு துண்டு காணாமல் போனது என்று நான் எலியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் வாசலில் டீத் தூக்கோடு நின்றார்.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"ஆடிலேர்ந்து."

ஆடி வெள்ளியில் சிறுவாச்சூர் ரோட்டில் வண்டி நிற்க இடமிருக்காது. புரட்டாசிச் சனிக்கிழமை கல்லங்குறிச்சியில் விடியலிலிருந்து கூட்டம். அத்தனை நாளும், அத்தனை லாரிக்கு நடுவிலும், ஒரு கட்டைமேல் உட்கார்ந்துகொண்டு என்னைப் பக்கத்தில் வைத்து ஓட்டியிருக்கிறார். எனக்குக் கோபம் வரவேண்டியதுதான். வரவில்லை.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ மவ வூட்டுக்குப் போயிடுவ."

"நானா? நானாய்யா போவேன்?"

அவரை நான் 'யோவ்' என்றோ 'யா' என்றோ கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பட்டறைக்காரன் திரும்பி நின்றுகொண்டான்.

"நீ உனக்காகப் போவ மாட்ட" என்றார். "எனக்கு ஏதாச்சும் ஆயிடும்னு போயிடுவ. அந்த மாடில என்னைய உக்கார வெச்சிட்டு சோறு போடுவ. எனக்கு அதை நெனச்சாத்தான் தூக்கம் வரல."

"தூக்கம் வரலன்னா எழுப்ப வேண்டியதுதானே?"

"நீயும்தான் தூங்கல. எனக்குத் தெரியாதா?"

ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, ரெண்டு பேரும் கண்ணை மூடி மூச்சைச் சீராக விட்டுக்கொண்டு, ஒருத்தருக்கு ஒருத்தர் தூங்குகிற மாதிரி நடித்திருக்கிறோம்.

பட்டறைக்காரன் கட்டையை எடுத்தான். துணி ஊறிப் பிசுபிசுவென்று இருந்தது. "இந்தத் துணிதான் ஈரத்தை விடாம புடிச்சு வெச்சிருக்கு" என்று மட்டும் சொன்னான். வெட்டினான். டார்ச் அடித்தான். பார்த்தான். அந்த வாயாடி பேசாமல் இருந்த நேரம் இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

"சொல்லு" என்றேன்.

"உள்தகடு இங்க போயிடுச்சும்மா. என் உள்ளங்கை அளவுக்கு இல்லவே இல்ல. ஆனா அதுக்குக் கீழ போற குறுக்குச் சட்டம் நிக்குது. கெட்டியா இருக்கு. சட்டமும் போயிருந்தா நான் சொல்லியிருப்பேன், எடுத்துட்டுப் போங்கன்னு."

"ஒட்டு போட்டுக் குடுப்பா" என்றார் வீட்டுக்காரர் அவசரமாக. "நாளைக்குச் சாயங்காலம் முடிச்சிட்டா வெள்ளிக்கிழமைக்குப் போயிடலாம்."

"போடலாம். ஓட்டைய மூடுற மாதிரி ஒரு தகடு வெச்சு நாலு எடத்துல புடிச்சுடலாம். வேலை சீக்கிரம் முடியும்" என்று அவனும் இழுத்தான். அவனுக்கும் வாசலில் ரெண்டு வண்டி காத்திருந்தது.

"அந்தத் துரு மேலயா தகடு வெப்ப?" என்றேன்.

"சுத்தி இருக்கறது ஓரளவுக்கு..."

"ஓரளவு வேணாம். எங்க நல்ல தகடு வருதோ அது வரைக்கும் வெட்டு."

"அப்டின்னா வெள்ளிக்கிழமை தாண்டிடும்மா."

சிறுவாச்சூரில் நான் இல்லாத வெள்ளிக்கிழமை கிடையாது. காய்ச்சலோடு போயிருக்கிறேன். என் அம்மாவின் கருமாதி முடிந்த மறுவாரமே போயிருக்கிறேன். நான் ஒரு நாள் வரவில்லையென்றால் என் இடத்தில் கடை விரிக்க ஆள் காத்திருக்கிறது. 'கெழவி ஓஞ்சிட்டா' என்று ஊர் பேசும். அந்தப் பேச்சு என் காதில் இப்போதே கேட்டது.

"தாண்டட்டும்" என்றேன். "சனிக்கிழமையும் தாண்டட்டும்."

வீட்டுக்காரர் என்னையே பார்த்தார். அப்போதுதான் நான் எவ்வளவு பயந்திருக்கிறேன் என்று அவருக்கு முழுசாகத் தெரிந்திருக்கும்.

பிறகு அவசரமில்லாமல் வேலை நடந்தது. நல்ல தகடு வருகிற வரை வெட்டினான். வெட்ட வெட்ட ஓட்டை பெரிதாகிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் என் வீட்டுத் தரையில் ஒரு ஆடே புகுந்து போகலாம் என்று ஆனது. மழை வந்தால் தார்ப்பாயைப் போர்த்திவிட்டுக் காத்திருந்தோம், ஈரத்தில் வெல்டிங் வேண்டாம் என்று நானே சொன்னேன். துரு கருகிப் போவதற்கு ஒரு மருந்து தடவினான். தகட்டை வளைத்து வைத்து இடைவெளி விடாமல் பிடித்தான். செங்காவிப் பெயிண்ட் அடித்தான். ரெண்டு தகடு சேருகிற ஒவ்வொரு ஓரத்திலும் பசை மாதிரி ஒன்றை விரலால் இழுத்து அடைத்தான். கடைசியில் ஒரு நீளக் குழாயை உள்ளே விட்டு, எந்தக் கண்ணும் பார்க்காத இடத்திலெல்லாம் மெழுகு கலந்த எண்ணெயைப் பீச்சினான். நான் ஒரு ஆணியை எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த சிமெண்டு ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்தேன். எறும்பு வந்தால் வரட்டும்.

சீட்டை மாட்டினபிறகு "உக்காந்து பாருங்க பெரியவரே" என்றான்.

"இரு" என்றேன். "இவரை வெச்சா சோதிப்ப?"

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு இஞ்சின் தூக்குகிற செயின் பிளாக்கைக் கொண்டுவந்து, ஒரு முனையை எதிர்த் தூணில் கட்டி, முன்கண்ணாடியைக் கழற்றி அந்த வழியாகக் கொக்கியை சீட்டில் மாட்டி இழுத்தான். சங்கிலி விறைத்தது. இன்னும் இழுத்தான். பிரேக் போட்டிருந்தும் வண்டியே முன்னால் குனிந்தது. எங்கேயோ 'டிக்' என்று ஒரு சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடின கண்ணுக்குள் அந்த பஸ்ஸின் பின்பக்கம்தான் தெரிந்தது.

"சங்கிலி கண்ணி மாறுன சத்தம்மா. சீட்டு நிக்குது. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். பிரியவில்லை.

"இனிமே கவலை இல்லதானே?" என்றேன்.

"இப்ப நிக்குது. மத்த எடத்துல உள்ள என்ன இருக்குன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஒவ்வொரு மழை முடிஞ்சதும் கொண்டாங்க, தட்டிப் பாப்போம். அரிசிய மட்டும் வண்டில வடிய வெக்காதீங்க."

பொய் சொல்லி எங்களை அனுப்பியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக அவன்மேல் மரியாதையும் வந்தது, பயமும் அப்படியே தங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் மகளுக்கு நானே போன் போட்டேன். சத்தம், சாய்ந்த சீட்டு, கட்டை, புகை, எல்லாம் சொன்னேன். அவள் அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். "அடுத்த மழைக்கு அப்புறம் பட்டறைக்காரன் இந்த வண்டி வேண்டாம்னு சொன்னா நாங்க மாடிக்கு வந்துடறோம்" என்றேன். பக்கத்தில் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"அடுப்பு மட்டும் தனியா வெச்சுக்குவோம்" என்றார் போனைப் பார்த்து.

திங்கட்கிழமை விடியலில் அரிசியைப் பட்டறைக் கிணற்றடியிலேயே வடித்து, உலர்த்தி, சாக்கில் கட்டி ஏற்றினேன். பதம் கொஞ்சம் தவறித்தான் இருந்தது. போகட்டும். நாலு ரோட்டைத் தாண்டி பெரிய ரோட்டில் ஏறுகிற இடம் வந்தது. அங்கே அவர் வண்டியை நிறுத்திவிட்டார்.

எத்தனையோ ஆயிரம் தடவை ஏறின இடம். எப்போதும் ஒரு கையால் திருப்பி, ஹாரனை அடித்து, எவன் வந்தாலும் வழிவிடட்டும் என்று ஏறுவார். அன்றைக்கு ரெண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தார். விரல் வெளுத்திருந்தது. லாரிகள் அறைந்துகொண்டு போயின. இன்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுச் சுற்றிக்கொண்டு போனான்.

"போலாமா?" என்று என்னைக் கேட்டார்.

அவர் என்னிடம் வழி கேட்டதே இல்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கண்ணுக்கெட்டிய தூரம் பார்த்தேன்.

"இருங்க. ஒரு டாரஸ் லாரி வருது. போவட்டும்."

போனது.

"இன்னொன்னு இருக்கு. இருங்க."

அதுவும் போனது. ரோடு கொஞ்ச தூரத்துக்குக் காலியாகக் கிடந்தது.

"இப்ப ஏத்துங்க. மெதுவா."

மெதுவாகத்தான் ஏற்றினார்.